மலையில் சின்ன டர்போ பெட்ரோல் கார்: நீலகிரிக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் யாராவது ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னால், உடனே வருகிற கேள்வி "இவ்வளவு சின்ன எஞ்சின் ஏற்றம் ஏறுமா?" என்பதுதான். ஏறும், நன்றாகவே ஏறும். உண்மையில் கேட்க வேண்டியது வேறு. காலை 7 மணிக்குக் குளிரில் ஸ்டார்ட் செய்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மூன்று கிலோமீட்டரில் வீடு திரும்பி நிறுத்தும் ஓட்டத்தை இந்த எஞ்சின் வருஷக்கணக்கில் தாங்குமா? மலையில் இந்த எஞ்சின்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை காட் ரோட்டில் (மலைப்பாதையில்) பிறப்பதில்லை. குளிர், குறுந்தூரம், காலம் கடந்த ஆயில், இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் பிறக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாமே எளிதாகப் புரியும்.

ஸ்பெக் ஷீட்டை மலைக்காரர் கண்ணால் படியுங்கள்

விற்பனையாளர் முதலில் காட்டுவது குதிரைத் திறனை (பிஎஸ்). நீங்கள் பார்க்க வேண்டியது டார்க்கும் (எஞ்சினின் முறுக்கு விசை), அது எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று) ஆரம்பிக்கிறது என்பதும்.

ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட் இரண்டிலும் வந்த 1.0 டர்போ 998 சிசி, மூன்று சிலிண்டர், 120 பிஎஸ். 172 நியூட்டன் மீட்டர் டார்க் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து 4,000 வரை கிடைக்கிறது. ஃபோக்ஸ்வாகன் டைகுன், ஸ்கோடா குஷாக் ஆகியவற்றின் 1.0 டிஎஸ்ஐ 999 சிசி, 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர், ஆரம்பம் 1,750-ல். மாருதி ஃபிராங்ஸில் உள்ள பூஸ்டர்ஜெட் 998 சிசி, 100 பிஎஸ், 147.6 நியூட்டன் மீட்டர், 2,000-லிருந்து. டாடா நெக்ஸான் 1,199 சிசி, 120 பிஎஸ், 170 நியூட்டன் மீட்டர், 1,750-லிருந்து. மஹிந்திரா எக்ஸ்யூவி 300-ல் வந்த 1.2 டர்போவுக்கு 110 பிஎஸ்தான், ஆனால் டார்க் 200, அது 2,000-லிருந்து. நிசான் மேக்னைட் மேனுவலில் 100 பிஎஸ், 160 நியூட்டன் மீட்டர். அந்த 160 முழுதாகக் கிடைப்பது 2,800-லிருந்துதான்.

சமவெளியில் 1,500-க்கும் 2,800-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக உணர மாட்டீர்கள். பர்லியார் தாண்டிய ஒரு கொண்டை ஊசி வளைவில், முன்னால் போகிற பஸ் நின்று கிளம்பும்போது, அந்த வித்தியாசம் காலுக்கு நன்றாகவே தெரியும்.

ஷீட்டில் இன்னொரு விஷயத்தையும் தேடுங்கள்: பெட்ரோல் எங்கே பீய்ச்சப்படுகிறது? டிஎஸ்ஐ, ஹூண்டாய் டர்போ, பூஸ்டர்ஜெட், ஃபோர்டு ஈக்கோபூஸ்ட் எல்லாம் டைரக்ட் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. நெக்ஸான், மேக்னைட், எக்ஸ்யூவி 300-ன் 110 பிஎஸ் எஞ்சின் மூன்றிலும் வால்வுக்கு முன்னாலேயே, காற்று வரும் பாதையில் பீய்ச்சுகிறார்கள். முதல் வகையில் பிக்கப்பும் மைலேஜும் கொஞ்சம் கூடுதல். இரண்டாவது வகை குளிர்ந்த மலை ஊரில் குறைவாகத் தொல்லை கொடுக்கும். வெறும் ஊருக்குள் ஓட்டத்துக்கு என்றால் நான் இரண்டாவது வகையைத்தான் சொல்வேன். வாரம் ஒரு முறையாவது கீழே கோயம்புத்தூர் போய் வருகிறவர்களுக்கு எது வாங்கினாலும் சரி.

மெலிந்த காற்றில் டர்போ என்ன செய்கிறது

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். குன்னூர் 1,850, ஊட்டி 2,240. கடற்கரையில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால், ஊட்டியில் அது 77 அளவுக்கு இறங்கிவிடுகிறது. கிட்டத்தட்ட கால்வாசிக் காற்று இல்லை. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவு பலத்தை அப்படியே இழக்கும். மேலே பழைய 800 சிசி கார்கள் மூச்சு வாங்குவதன் காரணம் இதுதான்.

டர்போ இதை ஈடுகட்டுகிறது. சைலன்சருக்குப் போகும் சூடான புகை ஒரு சின்ன விசிறியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. எஞ்சினுக்குள் 180 கிலோபாஸ்கல் அழுத்தம் வேண்டும் என்று இசியு (எஞ்சினை இயக்கும் கணினி) கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்தில் வெளிக்காற்றை 1.85 மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் அதே 180-க்கு 2.3 மடங்கு அழுத்த வேண்டும். அதனால் டர்போ இன்னும் வேகமாகச் சுழல்கிறது. சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடியவை. அழுத்திய காற்றும் கூடுதலாகச் சூடாகிறது. ஊட்டிக் குளிர் இன்டர்கூலருக்கு (அழுத்திய காற்றை ஆற்றும் பாகம்) உதவுகிறது என்பதால் அந்தச் சூடு பெரும்பாலும் தணிந்துவிடுகிறது.

ஆனால் ஒரு இடத்தில் டர்போவும் கைவிடும். ஆர்பிஎம் 1,500-க்குக் கீழே போய்விட்டால், பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) வரும் வரை உங்கள் காலடியில் இருப்பது டர்போ இல்லாத ஒரு லிட்டர் எஞ்சின்தான், அதுவும் கால்வாசிக் காற்று குறைந்த எஞ்சின். "கீழே நல்லா இழுக்குது, மேலே வளைவுல மட்டும் ஒரு செகண்ட் செத்துப் போகுது அண்ணே" என்று புதிதாக வாங்கியவர்கள் சொல்வது இதைத்தான். இதற்காக ஒர்க்‌ஷாப் போக வேண்டாம், கியரை மாற்றினால் போதும்.

ஏறும்போது

கல்லாரிலிருந்து குன்னூர் வரை விதி ஒன்றுதான்: எஞ்சினை 2,000-க்கும் 3,500-க்கும் நடுவில் வைத்திருங்கள். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருந்தால், முன்வண்டி ஊர்ந்துகொண்டிருந்தால், தயங்காமல் முதல் கியர். பெட்ரோல் மிச்சப்படுத்துவதாக நினைத்து மூன்றாவது கியரில் 1,300 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிப்பதுதான் இந்த எஞ்சினுக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல்.

காரணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். குறைந்த ஆர்பிஎம், நிறைய சுமை, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் மூன்றும் சேரும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே சிலிண்டருக்குள் கலவை தானாகப் பற்றிக்கொள்ளலாம். பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போது மேலிருந்து அடி விழுகிறது. டங்கென்று ஒரே ஒரு சத்தம் கேட்கும். பல முறை நடந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துபோகும். ஆயில் துளியும் கரியும் இதைத் தூண்டுகின்றன என்பதால், ஆயில் தரத்திலேயே இதற்கு ஒரு சோதனையைச் சேர்த்தார்கள்: 2018-ல் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம் தரும் ஆயில் தரக் குறி) எஸ்என் பிளஸ், 2020-ல் ஏபிஐ எஸ்பி. ஆயில் டப்பாவில் எஸ்பி என்ற எழுத்தைத் தேடச் சொல்வது இதற்காகத்தான்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கினாலும், ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் நத்தையாகத்தான் நகரும். ஹூண்டாய், கியா டர்போக்களில் வருகிற 7 ஸ்பீட் டிசிடியில் (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) உள்ளது ட்ரை கிளட்ச், அதாவது ஆயிலில் நனையாத கிளட்ச். ஏற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் சூடேறி, மீட்டரில் எச்சரிக்கை வரும். முன்வண்டி ஒரு கார் நீளமாவது நகரட்டும், பிறகு ஒரே தூக்கில் நகருங்கள். நடுவில் பிரேக்கில் நில்லுங்கள். டைகுன், குஷாக் 1.0-லும் ஃபிராங்ஸ் டர்போவிலும் உள்ள டார்க் கன்வெர்ட்டர் (திரவம் வழியாக விசையைக் கடத்தும் ஆட்டோமேட்டிக்) இந்த ஊர்தலைச் சிரமமில்லாமல் தாங்கும். தினமும் குன்னூர் பஸ் ஸ்டாண்ட் ஏற்றத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஆட்டோமேட்டிக் வாங்கும்போது இதை யோசிக்க வேண்டும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் எஞ்சினை உடனே அணைக்கலாமா? மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து சேரிங்கிராஸ் நெரிசலைத் தாண்டி வீடு சேர்ந்தீர்கள் என்றால் அதற்குள் டர்போ ஆறியிருக்கும், அணைக்கலாம். தொட்டபெட்டா மாதிரி ஏறி முடித்த அதே வேகத்தில் பார்க்கிங்கில் நுழையும் இடங்களில் மட்டும் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். சூடான டர்போ தண்டில் ஆயில் ஓட்டம் சட்டென்று நின்றால், அங்கே தங்கிய ஆயில் கருகிக் கட்டியாகும். அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேனோ பம்போ கொஞ்ச நேரம் ஓடினால் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

இறங்கும்போது

ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வது சின்ன எஞ்சினுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். ஒரு லிட்டர் எஞ்சின் கொடுக்கும் எஞ்சின் பிரேக்கிங் ஏற்கெனவே குறைவு. மேலே காற்றழுத்தம் குறைவதால் அது இன்னும் குறையும். பிரேக் பெடலுக்கு உதவும் பூஸ்டரும் வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் தள்ளுகிறது. ஊட்டி உயரத்தில் அதன் உதவியும் கொஞ்சம் மட்டுப்படும். சில கார்களில் தனி வாக்குவம் பம்ப் இருப்பதால் பெடல் உணர்வு மாறாமல் இருக்கலாம், ஆனாலும் அதை நம்பி இருக்காதீர்கள். இரண்டாவது கியர், செங்குத்தில் முதல் கியர். ஆர்பிஎம் 3,500, 4,000 என்று போனாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அப்போது பெட்ரோலே உள்ளே போவதில்லை. கல்லட்டியின் 36 வளைவுகளில் நியூட்ரலில் இறங்குவதைப் பற்றி யாரும் யோசிக்கவே கூடாது.

குளிரும் குறுந்தூரமும்

இதுதான் முக்கியமான பகுதி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அருவங்காட்டில் வீடு, வெலிங்டனில் வேலை என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் காலை. தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனி. குன்னூர்ப் பக்கம் அவ்வளவு இல்லாவிட்டாலும் எஞ்சின் இரும்பு சில்லென்று இருக்கும். ஸ்டார்ட் செய்ததும் இசியு கூடுதல் பெட்ரோலை விடுகிறது. டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் அது குளிர்ந்த சிலிண்டர் சுவரில் போய் அடிக்கிறது. ஆவியாகாத பெட்ரோல் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு ரிங் வழியாகக் கீழே ஆயில் தொட்டிக்குள் இறங்குகிறது. எரிந்த புகையில் உள்ள நீராவியும் கூடவே இறங்கிக் குளிர்ந்து தண்ணீராகிறது.

எஞ்சின் நன்றாகச் சூடானால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். ஆனால் எது சூடாவது? மீட்டரில் தெரிவது கூலன்ட்டின் சூடு. அது ஐந்தாறு நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும். ஆயில் அதன் பின்னால் மெதுவாகத்தான் வரும், அதற்குக் கால் மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் வெலிங்டன் வந்துவிட்டது, வண்டி நின்றுவிட்டது. மாலையில் மறுபடியும் அதே கதை. ஆயிலில் பெட்ரோலும் தண்ணீரும் நாளுக்கு நாள் ஏறுகின்றன.

இன்னொரு சூட்சுமம். ஊட்டியிலிருந்து குன்னூர் 18 கிலோமீட்டர் போகிறேனே, அது போதாதா என்பார்கள். போகும்போது பெரும்பாலும் இறக்கம். எஞ்சின் சும்மா சுற்றுகிறது, பெட்ரோல் வெட்டப்படுகிறது, ஆயில் சரியாகச் சூடாவதில்லை. திரும்பி ஏறி வருவதுதான் ஆயிலைச் சுட வைக்கும் ஓட்டம். ஆகவே மலையில் தூரத்தைப் பார்க்காதீர்கள், ஏற்றத்தைப் பாருங்கள். வாரம் ஒரு முறை, நடுவில் நிறுத்தாமல் 30, 40 நிமிடம் ஏற்றத்தில் ஓடினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். மேட்டுப்பாளையம் போய்க் காய்கறி வாங்கி வருகிற பழக்கம் உள்ளவர்களின் வண்டிகள் நன்றாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

இனி, நீங்களே செய்ய வேண்டிய சோதனை. மாதம் ஒரு நாள், காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, சமதளத்தில் வண்டியை நிறுத்திச் செய்யுங்கள். சமதளம் என்பது நம் ஊரில் கிடைக்காத பொருள். பெட்ரோல் பங்க்கோ கோயில் வாசலோ பார்த்துக்கொள்ளுங்கள். சரிவில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பொய் சொல்லும்.

டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்து, திரும்பச் செருகி எடுங்கள். ஆயில் குறைகிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம். நீங்கள் ஆயில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். போன மாதம் நடுவில் இருந்தது, இப்போது மேல் கோட்டைத் தாண்டிவிட்டது என்றால் அது ஆயில் இல்லை, பெட்ரோல். முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் பங்க் வாடை சந்தேகமில்லாமல் மூக்கில் ஏறும். விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் வழுவழுப்பு இல்லாமல் தண்ணீராக ஓடும். அந்த ஆயில் டர்போ தண்டைக் காக்காது. கிலோமீட்டர் எவ்வளவு ஓடியது என்று பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

அடுத்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். குளிர்காலத்தில் அங்கே வெளிர் மஞ்சளில், புளித்த தோசை மாவு மாதிரி நுரைத்த பசை ஒட்டியிருக்கும். இதைப் பார்த்ததும் "ஹெட் கேஸ்கெட் போச்சு, எஞ்சினைப் பிரிக்கணும்" என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கும் இடங்கள் உண்டு. ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு. பதறாதீர்கள். கூலன்ட் டேங்கில் அளவைக் குறித்து வையுங்கள், மூடியைத் துடைத்துவிடுங்கள், ஒரு முறை கீழே போய் ஏறி வாருங்கள். கூலன்ட் அளவு அப்படியே இருந்து, டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால், அது குளிரில் படிந்த நீராவிதான். பசை டிப்ஸ்டிக்கிலும் இருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் மட்டுமே கேஸ்கெட் சந்தேகம் நியாயம்.

காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டுச் சூடாக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஐட்லிங்கில் எஞ்சின் மெதுவாகத்தான் சூடாகும், அத்தனை நேரமும் பெட்ரோல் ஆயிலில் இறங்கிக்கொண்டே இருக்கும். அரை நிமிடம் போதும். பிறகு கிளம்பி, முதல் சில கிலோமீட்டர் 2,500-ஐத் தாண்டாமல் மென்மையாக ஓட்டுங்கள்.

ஆயில், கூலன்ட்

உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள கிரேடை மட்டும் ஊற்றுங்கள், முழு சிந்தெடிக், ஏபிஐ எஸ்பி. ஃபோக்ஸ்வாகன், ஃபோர்டு போன்றவை தங்களுக்கென்று தனித் தர எண் கேட்கும். அந்த எண் டப்பாவில் அச்சாகியிருக்க வேண்டும். "மலைக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது" என்ற பேச்சு பழைய ஜீப், லாரிக் காலத்தது. குளிர் காலையில் கெட்டி ஆயில் டர்போவைப் போய்ச் சேரத் தாமதமாகும், தண்டு அதுவரை காய்ந்து சுழலும்.

எப்போது மாற்றுவது? கம்பெனி 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று சொல்லலாம். அதே மேனுவலில் கடினமான பயன்பாடு என்று ஒரு பக்கம் இருக்கும். குறுந்தூரம், மலைப்பாதை இரண்டும் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வரும். அந்தப் பக்கம் நமக்காக எழுதியது. ஊருக்குள் மட்டும் ஓடும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவுக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. செலவு கூடுதல்தான், ஆனால் டர்போ மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

கூலன்ட்டில் ஊற்றுத் தண்ணீர் சேர்க்கும் வழக்கம் மலையில் அதிகம். வேண்டாம். ஊட்டி உயரத்தில் வெறும் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். இந்த எஞ்சின்கள் சாதாரணமாக ஓடுவதே 90-க்கும் 105-க்கும் நடுவில். மூடி கொடுக்கும் அழுத்தமும் கூலன்ட் மருந்தும் சேர்ந்துதான் கொதிக்காமல் காக்கின்றன. அதே மருந்துதான் ஜனவரியில் உறையாமலும் காக்கிறது. பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைகால் சுமார் மைனஸ் 35 டிகிரி வரை உறையாது. ஏற்றத்தில் மட்டும் சூடு ஏறி, நின்றால் இறங்குகிறது என்றால் ரேடியேட்டரைப் பிரிப்பதற்கு முன்னால் மூடியை மாற்றிப் பாருங்கள்.

வண்டி இழுக்கவில்லை என்றால்: எங்கிருந்து தேடுவது

டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டுவது கடைசி வேலை. மலிவானதிலிருந்து ஆரம்பியுங்கள்.

முதலில் ஏர் ஃபில்டர். அதைக் கழற்றும்போதே எலி வந்த தடயம் இருக்கிறதா என்று பாருங்கள். குளிரில் எலிக்குச் சூடான எஞ்சின் மேல் ஆசை அதிகம். தேயிலைத் தோட்டத்தை ஒட்டி நிறுத்தும் வண்டிகளில் சென்சார் ஒயரும் வாக்குவம் குழாயும் கடிபட்டிருப்பது அடிக்கடி காணும் காட்சி. பானெட்டுக்குள் கடலைத் தோல், புல், தைல மரத்து இலை சேர்த்து வைத்த குவியல் இருந்தால் மேற்கொண்டு எங்கும் தேட வேண்டாம்.

அடுத்து, ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினியில் உள்ள விவரங்களை ஃபோனில் காட்டும் கருவி) வாங்குங்கள். ஒரு ஆயில் சர்வீஸ் செலவில் சின்னப் பங்குதான் ஆகும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, மேப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) காட்டும் அழுத்தத்தைப் பாருங்கள். ஊட்டியில் 77 கிலோபாஸ்கல் அளவும், குன்னூரில் 81 அளவும், மேட்டுப்பாளையத்தில் 97 அளவும் காட்ட வேண்டும். ஊட்டியில் நின்றுகொண்டு 95 காட்டினால் சென்சாரே தவறு. சரியாகக் காட்டினால், பாதுகாப்பான ஒரு ஏற்றத்தில், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துத் திரையைப் பார்க்கச் சொல்லி, மூன்றாவது கியரில் 2,000-லிருந்து முழுதாக மிதியுங்கள். எண் எவ்வளவு ஏறுகிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதனால்தான் வண்டி நன்றாக இருக்கும்போதே ஒரு முறை பார்த்து எழுதி வைக்கச் சொல்கிறேன்.

ஸ்கேனரில் பி0299 என்ற கோடு (பழுது எண்) வந்தால் பூஸ்ட் போதவில்லை என்று பொருள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் குழாய்களின் மூட்டுகளைப் பாருங்கள். லேசான ஆயில் ஈரம் சாதாரணம். ஒரு மூட்டில் மட்டும் ஆயிலில் தூசி ஒட்டிக் கருப்பு வளையமாக இருந்தால், காற்று அங்கேதான் கசிகிறது. மிதிக்கும்போது "ஸ்ஸ்" என்று கேட்கும், ஐட்லிங்கில் கேட்காது. கிளாம்ப்பை முறுக்கினாலே சரியாகும் கேஸ்கள் நிறைய. குழாய்கள் நன்றாக இருந்தால் வேஸ்ட்கேட். புகையை டர்போவுக்குள் விடாமல் பக்கவாட்டில் கழித்துவிடும் கதவு அது. அதன் தண்டு இறுகினாலோ தளர்ந்தாலோ பூஸ்ட் வராது. குளிர் ஸ்டார்ட்டில் டர்போ பக்கத்திலிருந்து தகரம் ஆடும் சத்தம் வந்தால் சந்தேகம் அதன் மேல்தான். பல வண்டிகளில் அதை இயக்கும் ஆக்சுவேட்டரைத் தனியாக மாற்றலாம். முழு டர்போவும் மாற்ற வேண்டும் என்று சொன்னால் இன்னொரு இடத்திலும் கேளுங்கள்.

பி0300-லிருந்து பி0303 வரை ஏதாவது வந்தால் மிஸ்ஃபயர். மூன்று சிலிண்டரில் ஒன்று எரியாவிட்டால் வண்டி உலுக்கும், மறைக்க முடியாது. செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) சுட்டுவிடும். பெரும்பாலும் காரணம் பிளக் அல்லது காயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்). காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் காயில்தான். டர்போவில் அழுத்தம் அதிகம் என்பதால் பிளக் இடைவெளி சாதாரண எஞ்சினைவிடக் குறைவாக, மேனுவல் சொல்லும் அளவில் இருக்க வேண்டும். பிளக் தேய்ந்து இடைவெளி கூடினால் கீழே சமவெளியில் தெரியாது, ஏற்றத்தில் முழு பூஸ்ட்டில் வெட்டும்.

பிளக்கும் காயிலும் புதிது, ஆனாலும் காலை ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு நிமிடம் உலுக்கிவிட்டுச் சரியாகிறது என்றால் கரியை நினைக்க வேண்டும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு மேல் பெட்ரோல் படுவதே இல்லை, கழுவ ஆள் இல்லை. ஆயில் ஆவி வந்து படிந்து கரியாகக் கெட்டிப்படுகிறது. குறுந்தூர ஓட்டம் இதை வேகப்படுத்தும். பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும். வால்வுக்கு அது போய்ச் சேராது. இன்டேக்கைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்வதுதான் தீர்வு. அந்தக் கருவி உள்ள ஒர்க்‌ஷாப்பைக் கோயம்புத்தூரில் தேடுங்கள்.

கடைசியாகத்தான் டர்போ. நீலப் புகை, ஆயில் குறைவு, வேகம் கூட்டும்போது சைரன் மாதிரி ஊளைச் சத்தம் மூன்றும் சேர்ந்து வந்தால் தண்டு தேய்ந்திருக்கிறது. அப்போதும் புது டர்போவை மட்டும் மாட்டிக்கொண்டு வராதீர்கள். பழையது ஏன் போனது? ஆயில் வரும் மெல்லிய குழாயில் கரி அடைத்திருக்கலாம். குழாயை மாற்றாமல் டர்போவை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

காலைக் குளிரில் சைலன்சரில் வெள்ளைப் புகை வருவது நீராவி. எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

பெல்ட்டா செயினா

ஹூண்டாய் 1.0 டர்போவிலும் பூஸ்டர்ஜெட்டிலும் டைமிங் செயின். 1.0 டிஎஸ்ஐயில் வெளியில் காய்ந்து ஓடும் பெல்ட். கம்பெனி சொல்லும் காலத்தில் பார்த்து மாற்றினால் போதும். தனியாகச் சொல்ல வேண்டியது மறைமலை நகரில் செய்த ஈக்கோஸ்போர்ட்டின் 1.0 ஈக்கோபூஸ்ட். 999 சிசியில் 125 பிஎஸ் கொடுத்த அருமையான எஞ்சின், 2012-லிருந்து தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சர்வதேச எஞ்சின் விருது வாங்கியது. அதன் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. ஆயில் பழசானாலோ பெட்ரோல் கலந்தாலோ பெல்ட் ரப்பர் உதிர்ந்து, ஆயில் பம்ப் சல்லடையை அடைக்கும். மலையில் குறுந்தூரம் ஓடிய ஈக்கோபூஸ்ட்டுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆயில் மாற்றும்போது வடித்த ஆயிலைச் சல்லடையில் விட்டுப் பாருங்கள். கருப்பு ரப்பர்த் துணுக்கு தென்பட்டால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் காட் ரோட்டின் நடுவிலானாலும் அந்த நொடியே ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது

டிஎன்-43 வண்டி என்றால் குறைந்த கிலோமீட்டரைப் பார்த்து மயங்காதீர்கள். ஆறு வருடத்தில் 20,000 கிலோமீட்டர் ஓடிய ஊட்டி டர்போவைவிட, அதே ஆறு வருடத்தில் 70,000 ஓடி ஒழுங்காக ஆயில் மாற்றிய கோயம்புத்தூர் வண்டி எஞ்சின் அளவில் நல்லதாக இருக்கலாம். சர்வீஸ் புத்தகத்தில் கிலோமீட்டரைப் பார்க்காமல் தேதியைப் பாருங்கள். ஒன்றரை வருடத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றியிருந்தால் விலையில் பேசுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பார்க்கப் போவது காலையில், முன்கூட்டிச் சொல்லாமல். பானெட் மேல் கை வையுங்கள். சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் யாரோ ஸ்டார்ட் செய்து குளிர் உலுக்கலை மறைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சில்லென்று இருந்தால் டிப்ஸ்டிக், ஆயில் மூடி, கூலன்ட் அளவு மூன்றையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பாருங்கள். ஸ்கேனர் போட்டு, கோடுகள் சமீபத்தில் அழிக்கப்பட்டனவா என்று பாருங்கள். வண்டியின் சுய சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால் சமீபத்தில் அழித்திருக்கலாம். பிறகு கேத்தி ஏற்றமோ கட்டபெட்டு ஏற்றமோ, அரை மணி நேரம் நீங்களே ஓட்டுங்கள். திரும்பி வந்து எஞ்சினை அணைத்து, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரை ஒரு முறை லேசாக மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று சைலன்சரைப் பாருங்கள். நீலப் புகை வராவிட்டால் விலை பேசலாம். வாங்கியதும் அந்த வாரத்திலேயே ஆயில், ஆயில் ஃபில்டர், பிளக், கூலன்ட், ரேடியேட்டர் மூடி ஐந்தையும் மாற்றி, தேதியைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.